ஒட்டக் கூடாத இடங்கள்

பெரம்பலூர்
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

இங்கே நானும் முத்தமிழும் சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போனுக்கு வருவதையும் போவதையும் உன் மகள் ஒன்று விடாமல் படித்துவிடுகிறாள். இது அவள் கண்ணில் படக்கூடாது. இப்போது அவள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்காவோடு சந்தைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். அம்பிகாவுக்கு லீவு முடிந்து புதன்கிழமை திருச்சியில் பிளைட். நாளைக்கு டூட்டி முடிந்ததும் அரியலூர் பஸ் ஏறி, அவள் வீட்டிலேயே நேரில் கொடுத்துவிட்டு வருவேன். நீங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரி என்பதால் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். வார்டில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், உட்கார்ந்து, முழுதும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இந்தப் பாஷை எனக்கு வராதுங்க. பரீட்சையும் போச்சு, புள்ளையும் போச்சு. டிக்கெட்டப் போடுங்க, நான் வந்துடுறேன்" என்றாய். நான் "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கே நீ தா.பழூருக்கும் பேசியிருக்கிறாய் போல. மறுநாள் உன் அண்ணன் கூப்பிட்டார். "மாப்ள, பெத்த புள்ள ஏழு மாசமா பேசலன்னா எந்தப் பொம்பளைக்குத்தான் அங்க வேல ஓடும், கூட்டியாந்துருங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை ஏன் பேசவில்லை என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்கே பதினைந்து நாளுக்கு முன்னால்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் புரியவில்லை. நீ அனுப்பின காகித விமானத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிறந்தநாளுக்கு அம்பிகா கையில் கொடுத்துவிட்டாயே அந்தப் புத்தகத்தை, அதை முத்தமிழ் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் போட்டுவிட்டாள். பத்து நாள் அங்கேயே கிடந்தது. எறையூர் சர்க்கரை மில்லில் கரும்பு அரவை முடிந்துவிட்டது. இனி அடுத்த அரவை வரைக்கும் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை, பகல் டூட்டி மட்டும்தான். ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். ஒருநாள் பீரோவைத் துடைக்கும்போது அந்தப் புத்தகத்தை இறக்கிப் பிரித்தேன். பதினான்கு தாள், நூற்றுப் பதினெட்டுத் துண்டு. வெட்டி, மடித்து, ஒட்டினால் இரண்டு எஞ்சின் வைத்த பயணிகள் விமானம். பக்கம் பக்கமாகப் படமும், படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நீ வேலை பார்க்கிற ஊர்ப் பாஷையும்.

நான் இருபது வருஷமாக மில்லில் பிட்டர். டிராயிங்கைப் பார்த்து ரோலரையே இறக்கி ஏற்றுகிறவனுக்குக் காகிதம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். எண் போட்டிருக்கிறது, அம்பு போட்டிருக்கிறது, பாஷை எதற்கு? ஆனாலும் ஒரு நிதானத்துக்கு, கத்தரி வைப்பதற்கு முன்பே பழைய பஸ் ஸ்டாண்டு கிருஷ்ணமூர்த்தி கடையில் எல்லாத் தாளையும் கலரில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் நான் மட்டும்தான் தரையில் பாய் விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "அப்பா, அது தப்பு. பதினாலுக்கு முன்னாடி பதினாலு ஏ இருக்கு" என்றாள். பார்த்தேன். இருந்தது. நகர்ந்து இடம் விட்டேன். வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒட்டுகிற வேலை என்னுடையது, வெட்டுகிற வேலை அவளுடையது. உன் விரல்தான் அவளுக்கு. கோட்டைத் தாண்டுவதில்லை.

போனைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லும் என்றார்கள். காட்டினோம். "மூக்கை உடைத்து உள்ளே கணவரை உலர விடவும்" என்று வந்தது. முத்தமிழ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் வேண்டுமென்றே இன்னும் நான்கு வரிக்குக் காட்டினேன். எல்லாம் அதே லட்சணம். கடைசியில் போனைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டு, "நம்மளே கண்டுபிடிப்போம்ப்பா" என்று சட்டம் போட்டுவிட்டாள்.

வால் வந்தது. இரண்டு எஞ்சினும் வந்தன. உடம்பையும் இறக்கையையும் சேர்க்கிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். முதல் தடவை, இறக்கையைத் தாங்குகிற சட்டம் உள்ளே நுழைய வேண்டிய வாயை நான் பசை போட்டு மூடியிருந்தேன். பிரித்தால் கிழிந்தது. ஜெராக்ஸை எடுத்து வெட்டி மறுபடி செய்தோம். இரண்டாம் தடவை, உடம்போடு பொருந்தவே இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் ஜெராக்ஸ் இரண்டு மில்லிமீட்டர் சிறுத்துப் போயிருக்கிறது. கிருஷ்ணமூர்த்தியிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு மில்லிக்கா பஸ் புடிச்சு வந்தீங்க" என்றார். விமானம் என்றதும் எழுந்து வந்து, மிஷினில் அளவைச் சரிபார்த்து வேறு எடுத்துக் கொடுத்தார். நம்ம ஊரில் விமானம் என்று சொன்னால் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாம் தடவை எல்லாம் சேர்ந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம். மூக்கையும் ஒட்டிக் காயவைத்து, கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டு, நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளாத குறை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், மூக்குக்குள்ளே சின்னதாக ஒரு கனம் வைக்கிற படம். இல்லாவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடுமாம். மூடின மூக்கைத் திறக்கப் பிளேடு போட்டேன். பிளேடு வழுக்கி, பைலட் அறைக் கண்ணாடியைக் குறுக்காகக் கீறிவிட்டது. அந்தக் கண்ணாடியை அவள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டியிருந்தாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கீழ் உதட்டைப் பல்லுக்குள் இழுத்துக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முஷ்டியாக இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. மார்ச் மாதம் துறைமங்கலத்தில் சைக்கிளோடு விழுந்து முழங்காலில் மூன்று தையல் போட்டார்களே, அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள். நர்ஸம்மா தைரியமான பொண்ணு என்று சொன்னதை உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை, ஊசி குத்தும்போது அழாமல் நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது, ஜெயசுதா? எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

"அழுவணும் போல இருந்தா அழுதுரு பாப்பா" என்றேன்.

தலையை ஆட்டினாள். "மாட்டேன். அழுதா அம்மாவ அனுப்பிருவாங்க."

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதாம்ப்பா சொன்ன. பாடாலூர்ல."

பாடாலூரில் எப்போது என்று யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. போன நவம்பரில் உன்னைத் திருச்சியில் பிளைட் ஏற்றிவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சமயபுரம் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை, தொண்டை கம்மிப்போகிற அளவுக்கு அழுகை. பாடாலூரில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னேன். பால் வாங்கிக் கொடுத்தேன், பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தேன், எதுவும் எடுபடவில்லை. அவள் அழுகை நின்றால் போதும் என்றிருந்தது. "நீ இப்டி அழுவுறது அங்க தெரிஞ்சா அம்மாவ வேலைய உட்டு அனுப்பிருவாங்க. அப்புறம் அம்மாதான் கஷ்டப்படும்" என்று சொல்லிவிட்டேன். டக்கென்று நிறுத்தினாள். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று நிம்மதியாக டீ குடித்தேன். அடுத்த நாளே அதை மறந்தும் போனேன்.

அவள் மறக்கவில்லை. உன்னிடம் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். போன் அடித்ததும் மாடிக்கு ஓடியதும், கொடுத்தால் கையைத் தட்டிவிட்டதும், வீடியோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதனால்தான். நான் உன்னிடம் பிடிவாதம் என்றேன், உன் வீட்டுப் பக்கத்து ரோஷம் என்று கிண்டல் வேறு செய்தேன். நீ, பிள்ளை உன்னை வெறுத்துவிட்டாள் என்று அழுதாய். அவளோ உன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "அப்பா அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். அழுதா யாரும் யாரையும் அனுப்ப மாட்டாங்க" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா?" என்றாள். "நெசமாத்தான்" என்றேன். "அப்ப அம்மாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தவள்தான். நான் அவளை அடித்துவிட்டேனோ என்று பயந்து பொன்னுத்தாய் அக்கா ஓடி வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். ஏழு மாத அழுகை. நான் எதுவும் சொல்லித் தேற்றவில்லை. சொல்லித் தேற்றுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது, சும்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு அப்படியே தூங்கிப்போனாள்.

இது என் தப்பு. போனில் சொல்லியிருந்தால் நீ குறுக்கே பேசியிருப்பாய், நானும் பாதியைச் சாக்குப்போக்காக மாற்றியிருப்பேன். அதனால்தான் எழுதிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் எனக்கு முன்பே எழுந்து, ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு அந்தப் பாஷைப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். "அப்பா, நம்ம கெடுத்த எடத்துல எல்லாம் ஒரே வார்த்தை இருக்கு பாரு" என்றாள். என், ஐ, சி, எச், டி. நாங்கள் அதை நிச்ட் என்று படிக்கிறோம், நீ எப்படிச் சொல்வாயோ தெரியாது. பசைப் புட்டி படம் போட்ட இடத்தில் எல்லாம் கிளெபென் என்று ஒரு சொல் இருக்கிறது, ஆகவே அது ஒட்டு. நாங்கள் கெடுத்த இடத்தில் எல்லாம் அதற்குப் பக்கத்திலேயே இந்த நிச்ட். ஆகவே அது ஒட்டாதே. இருபது வருஷம் டிராயிங் பார்த்தவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளை எழுத்தைப் பார்த்துவிட்டது.

அதோடு விடவில்லை. சில இடத்தில் நிச்ட் மட்டும் தனியாக இருக்கிறதாம். சில இடத்தில் அதற்கு முன்னால் இன்னொரு குட்டிச் சொல், நோச். அப்படி இருக்கிற துண்டுகளை எல்லாம் பின்னால் வேறு எண்ணில் ஒட்டச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். "வெறும் நிச்ட்டுன்னா ஒட்டவே கூடாது. நோச் நிச்ட்டுன்னா இப்ப ஒட்டாதே, அப்புறம் ஒட்டிக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு துண்டு கெடவில்லை. மூக்கில் கனமாக எறையூரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு சின்ன நட்டு. விமானம் மூன்று சக்கரத்திலும் ஜம்மென்று நிற்கிறது. கண்ணாடியைப் புதிதாக வெட்டி வைத்திருக்கிறாள். இறக்கை நுனி விளக்கு இரண்டு மட்டும் பாக்கி.

ஒருநாள் வெட்டிக்கொண்டே, "அம்மாவுக்கும் இந்த மாதிரி ஏதோ ஒரு வார்த்தை தெரியாமத்தான் பெயிலாயிருக்கும்" என்றாள். நீ பெயிலான விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டு நீ பேசும் நேரத்தில் மாடிக்கு ஓடுவாள் அல்லவா? ஓடிவிட்டு, சத்தம் போடாமல் இறங்கி வந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பாளாம். ஒரு ஞாயிறு விடவில்லை. உன் வார்டில் மூன்றாம் நம்பர் படுக்கைப் பாட்டி பஞ்சுத் தலையணைக்குச் சண்டை போட்டது, ஜனவரியில் நீ பனியில் வழுக்கி விழுந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அம்மா பூட்ஸ் வாங்கிருச்சாப்பா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் மறந்தே போயிருந்தேன்.

இப்போது பரீட்சை விஷயம். பிள்ளை போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு நீ டிக்கெட் போடச் சொன்னாய். பிள்ளை போகவில்லை. அந்தக் கணக்கில் திரும்பி வராதே. பாஷை முடியவில்லை, உடம்புக்கு முடியவில்லை, அந்த ஊரே பிடிக்கவில்லை என்றால் சொல், மறுபேச்சு இல்லாமல் டிக்கெட் போடுகிறேன், திருச்சிக்கே வந்து கூட்டி வருகிறேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, உன் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் ஆகஸ்ட்டில் இன்னொரு தடவை எழுது என்றுதான் சொல்வேன். அரியலூர் ஆஸ்பத்திரியில் ஒரே நேரத்தில் மூன்று டெலிவரி பார்த்தவள் நீ. உனக்கு வேலை தெரியும். வாய்தான் இன்னும் திரும்பவில்லை. உன் மகள் கண்டுபிடித்த பாஷையிலேயே சொன்னால், நீ பாஸ் ஆகாதது வெறும் நிச்ட் இல்லை, நோச் நிச்ட்.

இங்கே எதற்கும் குறையில்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் தேதி திறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு டீச்சரை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. சாயங்காலம் நான் வருகிற வரைக்கும் பொன்னுத்தாய் அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். தலை பின்னுவதுதான் எனக்கு இன்னும் கோணலாக வருகிறது. அதற்கும் அக்காவே கை கொடுக்கிறார்கள். உன் அம்மா வயலில் நாற்றுவிட்டு ஒரு வாரம் ஆகிறது, மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது, போன வாரம் நான்தான் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அம்பிகாவிடம் எள்ளுப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், ஊறுகாய் மூடியை நிமிர்த்தியே வை.

கடைசியாக முக்கியமானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தாம் தேதி, நம் நேரத்துக்கு நாலு மணிக்கு முத்தமிழ் உனக்குப் போன் போடப் போகிறாள். அவளே நாள் குறித்திருக்கிறாள். அதற்குள் விளக்கு இரண்டையும் ஒட்டிவிட வேண்டுமாம். அந்தச் சொற்களுக்கு அவள் சொல்கிற அர்த்தம் சரிதானா என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். யார் சொன்னாலும் நம்ப மாட்டாள், நீ சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவசரப்பட்டு முன்னாலேயே கூப்பிட்டுவிடாதே. அவள் குறித்த நாள் அவளுக்குக் கிடைக்கட்டும். அவள் கேட்கும்போது எல்லாம் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள். அந்த நேரத்துக்கு டூட்டி இருந்தால் யாரையாவது மாற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்.

முதலில் பாஷையைப் பற்றித்தான் பேசுவாள். அரை நிமிஷத்துக்கு மேல் தாங்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவள் அழுதால் அழட்டும், நிறுத்தச் சொல்லாதே. உனக்கும் வந்தால் அடக்கிக்கொண்டு பேசாதே. நீயும் அழு. அழுதால் ஒன்றும் ஆகாது என்பதை அவள் உன்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
கலைச்செல்வன்